உடும்பா, வங்க உடும்பா, நீருடும்பா: மதுரைப் பக்கத்துப் பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது?

ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உடும்புக்கு ஒரு வரிதான். ஊர்ப்பெயர், அறிவியல் பெயர் என்று இரண்டு கட்டம். நிரப்ப உட்கார்ந்தால் அந்த இரண்டு கட்டத்துக்கும் அரை டஜன் பெயர்கள் வந்து நிற்கும்: உடும்பு, வங்க உடும்பு, இந்திய உடும்பு, நில உடும்பு, பொன்னுடும்பு, கண்மாய்க்குள் பார்த்திருந்தால் நீருடும்பு. அறிவியல் பெயரிலும் இதே கூத்து. பழைய நூலில் வரானஸ் மானிட்டர், புதிய நூலில் வரானஸ் பெங்காலென்சிஸ், சில பட்டியல்களில் பெங்காலென்சிஸ் இரண்டு தடவை. அரிட்டாபட்டியில் பார்த்தாலும் நாகமலையில் பார்த்தாலும் அழகர்மலை அடிவாரத்தில் பார்த்தாலும் விலங்கு ஒன்றுதான்.

எதையாவது எழுதினால் என்ன, விலங்கு தெரியும்தானே என்று விட்டுவிட முடியாது. பதிவேட்டில் ஏறிய பெயர்தான் பிறகு அறிவிப்புப் பலகைக்குப் போகிறது, பள்ளிக் கண்காட்சிக்குப் போகிறது, ஆய்வு மாணவரின் பட்டியலுக்குப் போகிறது. கை தவறி ‘நீருடும்பு’ என்று ஒரு சொல் விழுந்தால், மதுரை மாவட்டத்தில் இல்லாத ஒரு சிற்றினம் காகிதத்தில் குடியேறிவிடும். காகிதத்தில் ஏறியதைப் பிரித்தெடுப்பது, சுவரைப் பற்றிய உடும்பைப் பிரிப்பதைவிடச் சிரமம்.

நம் பக்கம் இருப்பது எது

இந்தியாவில் உடும்புப் பேரினத்தில் நான்கு சிற்றினங்கள். வரானஸ் பெங்காலென்சிஸ் ஏறக்குறைய நாடு முழுக்க இருக்கிறது. மேற்கே ஈரான் வரையும் கிழக்கே மியான்மர் வரையும் பரவியது. பாலை உடும்பான வரானஸ் கிரிசியஸ் ராஜஸ்தானை ஒட்டிய வறண்ட வடமேற்கில். மஞ்சள் உடும்பான வரானஸ் ஃபிளாவசென்ஸ் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில். நீருடும்பான வரானஸ் சால்வேட்டர் சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா, வடகிழக்கு, அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களில். தமிழ்நாட்டுக் காட்டிலும் கண்மாயிலும் இயல்பாக வாழ்வது முதலாவது மட்டுமே. ஆக, சிற்றினத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மதுரையில் பெரும்பாலும் முடிந்துபோன வேலை. சரிபார்ப்பது மட்டும் பாக்கி.

குழப்பம் வருவது நீருடும்போடுதான். அதற்குக் காரணமும் உண்டு. நம் உடும்பு நன்றாக நீந்தும், விரட்டினால் கண்மாய்த் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். நனைந்தால் உடல் கறுத்துத் தெரியும். வாலும் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். ‘வால் தட்டை, தண்ணீரில் கிடந்தது, கறுப்பு’ என்று மூன்று அடையாளத்தையும் சேர்த்து நீருடும்பு என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றுமே நம் உடும்புக்கும் பொருந்துபவை. எனவே மூன்றுமே செல்லாத சாட்சிகள்.

செல்லுபடியாகும் சாட்சி மூக்குத்துளை. பெங்காலென்சிஸில் அது சாய்ந்த கீற்று போல இருக்கும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஏறத்தாழ நடுவில், கண்ணுக்குச் சற்றே பக்கமாக. நீருடும்பில் துளை வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். நுனியிலிருந்து உள்ள தூரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் கண்ணிலிருந்து தள்ளி இருக்கும். பாலை உடும்பிலோ சாய்ந்த கீற்றுதான், ஆனால் கண்ணுக்கு மிக அருகில், வாலும் உருண்டை. இரண்டாவது சாட்சி கண்ணுக்கு மேலே உள்ள செதில்கள். நீருடும்பில் அவற்றில் ஒரு வரிசை அகன்று பெரிதாக நிற்கும். நம் உடும்பில் எல்லாம் ஒரே மாதிரிச் சிறு செதில்கள். தலையை மேலிருந்து எடுத்த ஒரு படமும் பக்கவாட்டில் எடுத்த ஒரு படமும் இருந்தால் போதும். முழு உடலையும் தூரத்திலிருந்து எடுத்த பத்துப் படங்களுக்கு அந்த இரண்டும் மேல்.

அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. பெங்காலென்சிஸ் வாலோடு சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வரை போகும். கண்ணில் படுபவை பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளத்தை ஒட்டியவை. நீருடும்பு 2 மீட்டரைத் தாண்டும். ஆனால் புதருக்குள் பாதி மறைந்த உடும்பின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுபவர்கள் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். பக்கத்தில் கிடக்கும் 9 அங்குலச் செங்கல்லோ, கரையில் நட்ட கல்லோ படத்தில் விழுந்திருந்தால் அதை வைத்துக் கணக்கிடலாம். பிடித்து அளக்கவே கூடாது. நான்கு சிற்றினங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகும் அதே இடம்தான். சாலையில் அடிபட்டுக் கிடப்பதைக்கூடப் படம் எடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘மாதிரி’ என்று பையில் போட்டுக்கொண்டு வந்தால் அதுவே குற்றம்.

தமிழ்ப் பெயர்: நான்கு வழிகள்

வெறும் ‘உடும்பு’ என்று எழுதுவது முதல் வழி. சங்கப் பாடல்களிலேயே இருக்கும் சொல். மலையாளத்தில் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உடா என்று தென்னாடு முழுக்க ஒரே வேர். மதுரையில் யாரிடம் சொன்னாலும் விளக்கம் வேண்டியதில்லை, அந்தச் சொல் வேறு எந்த விலங்கையும் சுட்டுவதில்லை. இதற்குச் சொல்லப்படும் ஒரே குறை, ‘அது பேரினத்துக்கே பொதுப்பெயர், சிற்றினப் பெயர் ஆகாது’ என்பது. உலகில் 80க்கும் மேற்பட்ட உடும்புகள் உண்டு என்பதால் ஆங்கிலத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. ஒரே உடும்பு மட்டும் வாழும் ஊரின் பதிவேட்டுக்கு அந்தத் தேவை இல்லை. தலகொயா என்றும் கபரகொயா என்றும் சிங்களத்தில் இரண்டு தனிச்சொற்கள் இருப்பது இலங்கையில் இரண்டு விலங்குகளும் இருப்பதால்தான். கண்ணில் படுவதற்குத் தக்கபடிதான் மொழி பெயர் வைக்கும்.

‘வங்க உடும்பு’ அல்லது ‘வங்காள உடும்பு’ ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. இணையத்தில் தேடுவோருக்கு உதவும், அறிவியல் பெயரோடும் ஒத்துப்போகும். ஆனால் கீழக்குயில்குடியில் சமணர் மலைக்கு வருபவர் பலகையில் ‘வங்க உடும்பு’ என்று படித்தால், வங்காளத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். பெயரில் வங்கம் வந்தது, 1802இல் இதை விவரித்த பிரெஞ்சு விலங்கியலாளர் தோதேன் கையில் கிடைத்த விலங்கு வங்கத்திலிருந்து போனதால். விவரிக்கப்பட்ட முதல் மாதிரியின் ஊர் அது. விலங்கின் தாயகம் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காட்டுப் புலியைப் பார்த்து ‘வங்கப் புலி’ என்று இங்கே யார் சொல்கிறார்கள்? புலி, அவ்வளவுதான். இடப்பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணையே சாட்சி: அதில் பாலை உடும்பு ‘ஆக்ரா உடும்பு’ என்ற பொருளில் இருந்தது; நம்முடையது ‘பெரிய வங்க உடும்பு’.

‘நில உடும்பு’, ‘இந்திய உடும்பு’ போன்றவை மூன்றாம் வழி. நீருடும்புக்கு எதிர்ப்பதமாக நில உடும்பு என்று வைத்தால் இரண்டும் இருக்கும் நாட்டில் பயன்படும். நீருடும்பே இல்லாத ஊரில், இல்லாததைச் சுட்டிக் காட்டி இருப்பதற்குப் பெயர் வைப்பதாகிவிடும். ‘இந்திய உடும்பு’ இன்னும் பலவீனம். நான்கும் இந்தியாவில் இருப்பவைதானே.

நான்காவது வழி, ஊரில் வழங்கும் உட்பிரிவுப் பெயர்கள்: பொன்னுடும்பு, மண்ணுடும்பு போன்றவை. இவற்றைத் தூக்கி எறியக் கூடாது, சிற்றினப் பெயராகவும் ஏற்றக் கூடாது. குட்டி உடும்பு பார்க்க வேறு விலங்கு போலவே இருக்கும். உடலில் மஞ்சளும் சாம்பலுமாகப் புள்ளிகள், கழுத்திலும் தொண்டையிலும் கரும்பட்டைகள், வெளுத்த வயிற்றில் குறுக்கே இருண்ட கோடுகள். வளர வளர எல்லாம் மங்கி, முழு உடும்பு மண் நிறமாகிவிடும். இந்த மாற்றத்தைப் பார்க்காதவர்களுக்குக் குட்டி ஒரு தனி ‘சாதி’. வட இந்தியாவில் இப்படிப்பட்ட குட்டிகளையே கொடிய விஷமுள்ள ‘பிஸ்கோப்ரா’ என்று நம்பி அடித்துக் கொல்வார்கள். எனவே பொன்னுடும்பு என்று ஒருவர் சொன்னால், ஊர்ப்பெயர்க் கட்டத்தில் உடும்பு என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில் அவர் சொன்ன பெயரையும் எந்த நிறத்தைச் சொன்னார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு யாராவது குட்டிகள் எப்போது வெளிவருகின்றன என்று தேடினால் அந்தக் குறிப்புதான் தேதியோடு கைகொடுக்கும்.

ஐந்தாவதாக ஒன்று செய்தித்தாள்களில் தலைகாட்டுகிறது: ‘மானிட்டர் பல்லி’. இதை எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டாம். வரானஸ் என்பது அரபு மொழியில் இந்த விலங்குக்கு வழங்கும் ‘வரல்’ என்ற சொல்லின் வழியில் வந்தது. ஜெர்மன் மொழியில் எச்சரிப்பதைக் குறிக்கும் சொல்லின் ஒலி அதை ஒத்திருந்ததால், எச்சரிப்பவன் என்ற பொருளில் லத்தீனில் மானிட்டர் ஆயிற்று. தவறாகக் கேட்டுப் பிறந்த பெயரை, உடும்பு என்ற சொல் கைவசம் இருக்கும்போது நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? மொழிபெயர்ப்புச் செயலி ஒரு படி மேலே போய்க் ‘கண்காணிப்புப் பல்லி’ என்று தரும்.

நம் முடிவு: ஊர்ப் பதிவேடு, பள்ளி, மலையடிவாரப் பலகை ஆகியவற்றில் ‘உடும்பு’. உலக உடும்புகளை வரிசையாகக் காட்டும் நூல், உயிரியல் பூங்கா போன்ற இடங்களில் மட்டும் ‘வங்க உடும்பு’. அங்கே கொமோடோ உடும்பும் நீருடும்பும் பக்கத்தில் நிற்பதால் அடைமொழிக்கு வேலை இருக்கிறது.

அறிவியல் பெயர்: இரண்டு சொல்லா, மூன்று சொல்லா

தோதேன் 1802இல் இந்த விலங்கை வைத்த பேரினம் டுபினாம்பிஸ். இன்று அந்தப் பேரினப் பெயர் தென் அமெரிக்கப் பல்லிகளுக்கு உரியது. மெர்ரெம் 1820இல் வரானஸ் பேரினத்தை உருவாக்கிய பிறகு பெங்காலென்சிஸ் அங்கே வந்து சேர்ந்தது. பேரினம் மாறிய இந்தக் கதை எழுத்தில் ஓர் அடையாளத்தை விட்டுப்போகிறது: ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வரானஸ் பெங்காலென்சிஸ் (தோதேன், 1802). அடைப்புக்குறி அழகுக்கு இல்லை. ‘இவர் பெயர் வைத்தபோது பேரினம் வேறு’ என்பது அதன் பொருள். கொமோடோ உடும்பை ஒவென்ஸ் 1912இல் நேரடியாக வரானஸிலேயே விவரித்தார். ஆகவே அங்கே அடைப்புக்குறி வராது: வரானஸ் கொமோடோயென்சிஸ் ஒவென்ஸ், 1912. பலகை எழுதும்போது அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

வரானஸ் மானிட்டர் எங்கிருந்து வந்தது? லின்னேயஸ் 1758இல் லசெர்ட்டா மானிட்டர் என்று ஒரு பெயர் வைத்தார். அது எந்த விலங்கைக் குறிக்கிறது என்பதில் தெளிவில்லை. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதியைப் பிடித்துக்கொண்டு சிலர் அதை நம் உடும்புக்குப் பொருத்தினார்கள். மால்கம் ஸ்மித் 1935இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கு நூல்வரிசையின் பல்லித் தொகுதியில் நம் உடும்பு வரானஸ் மானிட்டர் என்றே இருக்கிறது. பின்னர் விலங்கியல் பெயரீட்டுக்கான சர்வதேச ஆணையம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி லின்னேயஸின் பெயரை ஒதுக்கி, பெங்காலென்சிஸைக் காப்பாற்றியது. எனவே இன்று வரானஸ் மானிட்டர் என்று எழுதுவது தவறு. ஆனால் பழைய மாவட்டப் பட்டியலையோ அருங்காட்சியகச் சீட்டையோ படிக்கும்போது அந்தப் பெயர் வந்தால், அது வேறு விலங்கு என்று எண்ணிப் புது வரி திறக்கக் கூடாது. பெங்காலென்சிஸ் வரியிலேயே சேர்த்து, ‘மூலச் சீட்டில் இருந்தது: வரானஸ் மானிட்டர்’ என்று குறிப்பில் அப்படியே படியெடுக்க வேண்டும். பழைய பெயரை அழித்துப் புதியதை மட்டும் எழுதினால், அடுத்து வருபவர் சீட்டையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் போகும்.

அடுத்தது மூன்று சொல் பிரச்சினை. மியான்மர் முதல் ஜாவா வரை வாழும் ஓர் உடும்பை கிரே 1831இல் நெபுலோசஸ் என்று விவரித்தார். நெடுங்காலம் அதை பெங்காலென்சிஸின் துணைச் சிற்றினமாக வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் நம்முடையது வரானஸ் பெங்காலென்சிஸ் பெங்காலென்சிஸ் ஆகும். வயிற்றுச் செதில் வரிசைகளின் எண்ணிக்கை மேற்கில் 108 என்று தொடங்கி கிழக்கே போகப் போகக் குறைந்து ஜாவாவில் 75 வரை இறங்குவது, இரண்டும் ஒரே தொடர்ச்சி என்று வாதிட்டவர்களுக்குச் சாதகமாக இருந்தது. நெபுலோசஸுக்குக் கண்மேல் செதில்கள் பெரிதாக இருப்பதும், ஆண் உறுப்பின் அமைப்பு வேறுபடுவதும் பிரிக்கச் சொன்னவர்களின் ஆதாரம். இப்போது பெரும்பாலான பட்டியல்கள் நெபுலோசஸைத் தனிச் சிற்றினமாகவே வைக்கின்றன. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்பிலும் இரண்டும் தனித்தனி வரிகள்.

மதுரைக்காரருக்கு இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் தனி என்றால் நம் உடும்புக்கு மூன்றாம் சொல் தேவையில்லை. இரண்டும் ஒன்று என்றாலும், இரண்டு சொல்லில் எழுதியது பிழையாகாது. மூன்று சொல்லில் எழுதினாலோ ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டோம் என்று ஆகிறது. அந்தக் கட்சி இப்போது சிறுபான்மை. இரண்டு சொல் போதும்.

நீருடும்பில் நிலைமை நேர்மாறு. லாரன்ட்டி 1768இல் அதை ஸ்டெல்லியோ சால்வேட்டர் என்று விவரித்தபோது ஊர் அமெரிக்கா என்று தவறாக எழுதிவிட்டார். 2007இல் வெளிவந்த திருத்த ஆய்வு, சால்வேட்டர் சால்வேட்டர் என்ற இரட்டைப் பெயரை இலங்கை விலங்குக்கு மட்டும் என்று வரையறுத்து, ஆசியப் பெருநிலத்தில் உள்ளதை மாக்ரோமாக்குலேட்டஸ் என்று பிரித்தது. அந்தமானில் உள்ளது அந்தமானென்சிஸ். அங்கே மூன்றாம் சொல்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே, அந்தமான் பட்டியலில் மூன்று சொல் பார்த்தோம் என்று நம் பட்டியலிலும் மூன்று சொல் போடுவது பொருந்தாது.

தலை இல்லாத தோல், பெயர் இல்லாத கறி

மேலே சொன்னவை எல்லாம் மூக்குத்துளை தெரியும்போது செல்லும். கிடைத்தது வெறும் தோல் என்றால்? கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தியது உடும்புத் தோல்தான். சட்டத்துக்குப் பிறகு ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்தன, பழைய வாத்தியங்களில் இன்னும் உடும்புத் தோல் இருக்கிறது. மந்திர வேர் என்று சொல்லி விற்கப்படும் ‘ஹத்தா ஜோடி’ உண்மையில் வேரே இல்லை, ஆண் உடும்பின் உலர்ந்த இனப்பெருக்க உறுப்பு. இப்படிப்பட்டவற்றிலும் சமைத்த கறியிலும் கண்ணால் சிற்றினம் சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரிய மரபணுச் சோதனைதான் வழி. சோதனை முடிவு வரும் வரை ‘வரானஸ் பேரினம், சிற்றினம் உறுதியாகவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. ‘நம் ஊரில் வேறென்ன இருக்கிறது’ என்று ஊகித்து பெங்காலென்சிஸ் என்று முன்கூட்டியே எழுதி, சோதனையில் வெளியூர்ச் சரக்கு என்று தெரிந்தால் வழக்குக் காகிதமே இடிக்கும். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அவ்வளவு கனமான வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட ஓட்டையில்தான்.

பலகைக்குப் போகும் முன்

அறிவியல் பெயர் லத்தீன் எழுத்தில்தான் செல்லும். தமிழ் எழுத்தில் வரானஸ் பெங்காலென்சிஸ் என்பது வாசிக்க உதவும் ஒலிபெயர்ப்பு மட்டுமே. பலகையில் இரண்டையும் போடுங்கள். பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. பெங்காலென்சிஸ் ஊரைக் குறித்தாலும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். இரண்டு சொல்லும் சாய்வெழுத்தில், ஆசிரியர் பெயரும் ஆண்டும் நேரெழுத்தில், அடைப்புக்குறிக்குள்.

பிளெக்ஸ் கடையில் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. முழுப் பத்தியையும் தேர்ந்தெடுத்து பாமினிக்கு மாற்றினால் தமிழ் சரியாக வந்துவிடும், லத்தீன் பெயர் மட்டும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அறிவியல் பெயரைத் தனிப் பெட்டியாக, தனி எழுத்துருவில் வைக்கச் சொல்லி, அச்சுக்கு முன் மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் காகிதத்தில் எடுத்துப் பாருங்கள். படத்தையும் பாருங்கள்: இணையத்தில் எடுத்த உடும்புப் படம் பாதி நேரம் தாய்லாந்துப் பூங்காவின் நீருடும்பாக இருக்கும். பெயர் சரியாக இருந்து படம் தவறினால், பார்ப்பவர் நம்புவது படத்தைத்தான். மூக்குத்துளை கீற்றா வட்டமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பதிவேட்டு வரி இப்படி அமையும். ஊர்ப்பெயர்: உடும்பு. அறிவியல் பெயர்: வரானஸ் பெங்காலென்சிஸ் (தோதேன், 1802), லத்தீன் எழுத்தில். குறிப்பு: ஊரார் சொன்ன பிற பெயர், குட்டியா வளர்ந்ததா, எங்கே, கண்மாய்க் கரையா பாறை இடுக்கா கரையான் புற்றா, தேதி, தலைப் படம் உண்டா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அதையும் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும்.